பேசியவர் பெயரை எழுதுபவர்தான் வகுப்புத் தலைவரா?

நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் கரும்பலகையின் ஒரு மூலையில் ஒரு பட்டியலைப் பார்க்கலாம். ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. கீழே நாலைந்து பெயர்கள். மறுபடியும் பேசியவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அப்படியும் அடங்கவில்லை என்றால் இன்னொன்று. எழுதியது வகுப்பு லீடர். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிற பள்ளியில் இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கும் தெரியும். நானும் அப்படிப்பட்ட ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன்.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளை ‘தலைவர்’ என்ற பதவியை முதன்முதலாகப் பார்ப்பது இங்கேதான். மேலே இருப்பவருக்காக நம்மை வேவு பார்ப்பவர் தலைவர். வாய் திறப்பது குற்றம். லீடருக்கு வேண்டியவனாக இருந்தால் பெயர் அழிந்துவிடும். குடிமையியல் பாடம் தொடங்குவதற்கு முன்பே இத்தனையும் பிள்ளைக்குப் பாடமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் தேசியப் பறவை எது, முதல் குடியரசுத் தலைவர் யார் என்று கேட்டு, டக்கென்று பதில் வந்ததும் கைதட்டுகிறோம்.

எங்கள் வகுப்பில் லீடரின் வேலையை மாற்றினோம். ஒரு பையன், ஒரு பெண் என இரண்டு பேர். மாதம் ஒரு தடவை ஆள் மாறும். கையில் ஒரு நோட்டு. அதில் எழுத வேண்டியது பேசியவர் பெயரை அல்ல, வகுப்பில் யாருக்கு என்ன குறை என்பதை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அதை உரக்கப் படிக்க வேண்டும். ‘பானைகிட்ட ஒரு டம்ளர்தான் இருக்கு.’ ‘மூணாவது பெஞ்சுல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, சட்டை கிழியுது.’ ‘நாலாங்கிளாஸ் பசங்க பந்தைத் தரவே மாட்டேங்குறாங்க.’ ‘டீச்சர் கணக்குப் பாடம் நடத்துறப்ப போன் பேசுறாங்க.’ கடைசியாகச் சொன்னதைப் படிக்கும்போது வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. சிரிக்காமல் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே நாம் முறைத்துவிட்டால் அடுத்த வாரம் நோட்டு காலியாக வரும்.

படித்து முடித்ததும் பிரிக்கிறோம். நாமே சரிசெய்யக்கூடியது எது, தலைமை ஆசிரியரிடம் போக வேண்டியது எது, ஊராட்சிக்குப் போக வேண்டியது எது? பந்துச் சண்டைக்கு ஊராட்சித் தலைவர் வர மாட்டார். தெருக்குழாய் உடைந்ததற்கு லீடர் பொறுப்பில்லை. இந்தப் பிரிப்பு கைவந்த பிள்ளைக்கு உள்ளாட்சி பற்றித் தனியாகப் பாடம் எடுக்க அதிகம் மிச்சமிருக்காது.

ஆணியைப் பற்றிச் சொல்லலாம் என்று பழகிய பிள்ளைதான், யாராவது தப்பாகத் தொட்டாலும் சொல்லும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ மனப்பாடம் செய்ய வைக்கிறோம், சரிதான். ஆனால் ‘சொன்னால் கேட்பார்கள்’ என்ற நம்பிக்கை இல்லாத பிள்ளை எந்த எண்ணையும் அழைக்காது.

லீடர் தேர்தலையும் சொல்லியாக வேண்டும். வாக்குச் சீட்டு, மூடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, விரலில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு என்று எல்லாம் முறைப்படி. எங்கள் பள்ளியே வாக்குச்சாவடி ஆகிறது என்பதால் பிள்ளைகளுக்குச் சடங்கெல்லாம் அத்துப்படி. ஒரு தேர்தலில் ஒரு பையன் காலையிலேயே எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டான். எண்ணிப் பார்த்தால் தோல்வி. அழுகை. ‘மிட்டாய் வாங்குனீங்கள்ல?’ என்று அவன் கேட்க, ஒரு சின்னப் பெண், ‘வாங்குனோம். ஆனா நீ பானையில தண்ணி ஊத்தவே மாட்டியே’ என்றாள். பெரியவர்கள் ஊரில் அந்தக் கணக்கு வேறு மாதிரிப் போகிறது என்பது தனிக் கதை. மிட்டாய் கொடுத்ததற்காக அவனை நான் திட்டவில்லை. எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மிட்டாய்க்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று பிள்ளைகளே அரைமணி நேரம் வாதாடினார்கள்.

இனி, எழுதச் சங்கடமான பகுதி. யார் கூட்டுகிறார்கள், யார் தண்ணீர் எடுக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சிட்டிருக்கிறது. பிள்ளைகள் அதைக் கோரஸாகச் சொல்வார்கள். சொன்ன கையோடு மதியச் சத்துணவு வரிசையைப் பாருங்கள். தெருவாரியாகப் பிரிந்து உட்கார்கிறார்களா என்று பாருங்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைத்தார் என்பதால் பள்ளிக் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. பெற்றோர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து 1950இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை அதை முதலில் படிக்கும் இடம் தட்டு வைக்கிற தரை.

எங்கள் பள்ளியில் உட்காரும் இடத்தையும் கூட்டும் முறையையும் வருகைப் பதிவேட்டு எண்படி வைத்திருக்கிறோம். ஒன்றாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் இன்று ஜோடி, நாளை இரண்டும் பன்னிரண்டும். பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு என்று இருப்பதால், இப்படி ஜோடி சேர்த்தால் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சேர்ந்து துடைப்பம் பிடிக்க வேண்டி வரும். ‘எங்க வீட்ல ஆம்பளப் பசங்க கூட்ட மாட்டாங்க டீச்சர்’ என்று ஓர் அம்மா வந்து சொன்னார். ‘இங்க எல்லாரும் கூட்டுவாங்க அக்கா’ என்று சொல்லி அனுப்பினேன். வேறு விளக்கம் எதற்கு? ஆனால் ஒன்று: வகுப்பறையைக் கூட்டுவது வேறு, கழிப்பறை வேறு. கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது. அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், அது எப்போதும் குறிப்பிட்ட சில தெருக்களின் பிள்ளைகளாகவே இருக்கும். கேட்டால் ‘பொறுப்புணர்வு கற்றுத்தருகிறோம்’ என்பார்கள்.

பொதுச் சொத்தைக் காப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் 42ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுச் சொத்து என்றால் பள்ளி வாசலில் இருக்கும் தெருக்குழாய். அதன் திருகு உடைந்து, தண்ணீர் விடும் நேரமெல்லாம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் அது வந்தது. முதலில் ஒரு வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். பிறகு மோட்டார் போடும் அண்ணனை வகுப்புக்குக் கூப்பிட்டோம். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றார். கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது, வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. பிள்ளைகள் வகுத்துப் பார்த்தார்கள்: ஒரு தொட்டித் தண்ணீர் 545 பேருக்கு. ‘அப்ப இந்தக் குழாயில ஓடுறது யாரோட பங்கு?’ என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது.

கடிதம் எழுதுவது பாடத்திலேயே இருக்கிறது: அனுப்புநர், பெறுநர், பொருள். வழக்கமாக அந்தக் கடிதங்கள் தேர்வுத் தாளைத் தாண்டிப் போகாது. இந்த முறை ஊராட்சி அலுவலகத்துக்கே போனது. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பெரியவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து ‘கொடுத்தோம், ஒண்ணும் நடக்கல’ என்பார்கள். திருகு வந்தது, தாமதமாகத்தான். அதற்குள் நினைவூட்டுக் கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கூட்டத்துக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ‘கழிப்பறையில தண்ணி வரல’ என்று கேட்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும் பிள்ளைக்கு நான் வகுப்பில் தனியாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

கிராம சபையும் அப்படித்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சுதந்திரம் நம் ஊரில் என்ன ஆனது என்று கேட்கும் கூட்டம் அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் பதினொரு மணிக்கு, நடக்கிறது. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. கர்நாடகத்தில் 2006 முதல் குழந்தைகளுக்கென்றே தனிக் கிராம சபை நடத்துகிறார்கள். இங்கே அது வரும்வரை, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நீங்கள் போகும்போது பக்கத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் சில அம்மாக்கள் இந்த முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரவு செலவு வாசிக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் நெளிவார்கள் என்பதால், தண்ணீர் பாட்டிலோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.