சூப்பர் நின்டெண்டோவின் சத்தத்தை எண்ணாகவே வெளியே எடுப்பது

கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் இருந்துகொண்டு பழைய வீடியோ கேமை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ‘ம்ம்ம்’ பழக்கமானதுதான். கேமை நிறுத்தி வைத்தாலும் அது நிற்காது. சர்வீஸ் கடையில் கேட்டால், “லைன்ல ஹம் அடிக்குது, பக்கத்துல தறி ஓடுதுல்ல” என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேம் பெட்டியின் வீடியோ வயர் டிவிக்குப் போகிறது, ஆடியோ வயர் ஆம்ப்புக்குப் போகிறது. டிவியின் பின்னால் கேபிள்காரர் வயர். அதன் வெளி உறை தெருவில் எங்கேயோ எர்த் ஆகியிருக்கும். ஆம்ப்போ மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில் நிற்கிறது. இந்த இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. வரிசையாக மோட்டார் ஓடும் லைனில் கசிவு மின்சாரமும் சேர்ந்துகொண்டால் வித்தியாசம் இன்னும் கூடும். இரண்டையும் இணைக்கிற பாலமாக நம் கேம் பெட்டி மாட்டிக்கொள்கிறது. ஆடியோ வயரின் உறை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடி, அதில் சில மில்லிவோல்ட் விழுந்தாலே போதும், ஆம்ப் அதையும் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். ஆம்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. அனலாக் வயரில் ஒலி என்பதே மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்தான்; எது கேமிலிருந்து வந்தது, எது எர்த்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழி கிடையாது.

ஹம்மைக் குறைக்க ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், எர்த்தைச் சரிசெய்யலாம். ஆனால் நின்டெண்டோ கம்பெனியின் சூப்பர் நின்டெண்டோ என்கிற பழைய கேம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஒலி மின்னழுத்தமாக மாறுவதற்கு முன்பே, எண்ணாக இருக்கும்போதே அதைப் பிடித்து வெளியே அனுப்பிவிடலாம்.

1990இல் ஜப்பானில் வந்த இந்தப் பெட்டியின் ஒலிப் பகுதியைச் செய்தது சோனி. வடிவமைத்தவர் கென் குட்டராகி; பிறகு பிளேஸ்டேஷனை உருவாக்கியவரும் அவர்தான். ஆரம்பகால மாடல்களில் ஒலிப் பகுதி மட்டும் தனித் தகரக் கூட்டுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டராகவே உட்கார்ந்திருக்கும். அதற்குத் தனிப் பிராசஸர், 64 கிலோபைட் நினைவகம், ஒலிக்கென்றே ஒரு சிப். அந்த நினைவகத்தில் டிரம், வயலின், வெடிச்சத்தம் என்று சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்: 16 மாதிரிகள் (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்கள்) 9 பைட்டில். ஒலிச் சிப் அவற்றை விரித்து, சுருதியை ஏற்றி இறக்கி, எட்டுக் குரல்களாக ஒலிக்கவிட்டு, எதிரொலி சேர்த்துக் கலக்கி, கடைசியில் இடது வலது இரண்டுக்கும் ஆளுக்கொரு 16 பிட் எண்ணைத் துப்புகிறது. நொடிக்கு 32,000 முறை.

இதுவரை எல்லாமே எண்தான். அந்த எண் பக்கத்திலேயே இருக்கும் என்இசி தயாரித்த ஒரு சின்ன ஐசிக்குப் போய் மின்னழுத்தமாக மாறுகிறது. பிறகு ஃபில்டர், கெப்பாசிட்டர், பின்பக்க சாக்கெட், வயர், ஹம். ஆக, நமக்கு வேண்டிய இடம் ஒலிச் சிப்புக்கும் அந்த என்இசி ஐசிக்கும் நடுவே ஓடும் சில மில்லிமீட்டர் செம்பு டிராக்குகள்தான்.

அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, எண்களின் பிட்கள் வரிசையாக வரும் டேட்டா. இரண்டாவது, ஒவ்வொரு பிட்டையும் எப்போது படிக்க வேண்டும் என்று தட்டிச் சொல்லும் பிட் கிளாக். இது நொடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் முறை தட்டும். மூன்றாவது, தறியில் நாடா போய் வருவதுபோல் இடது, வலது என்று மாறிக்கொண்டே இருக்கும் சிக்னல். போய்வந்தால் ஒரு சுற்று, நொடிக்கு 32,000 சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 48 தட்டு, ஒரு பக்கத்துக்கு 24. ஆனால் எண் 16 பிட்தானே? மீதி எட்டு இடம் முன்னால் காலி. எண் கடைசி 16 இடத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ‘வலப்பக்கம் ஒட்டிய’ முறை என்று இதைச் சொல்வார்கள். இந்த எண்ணைப் படிக்கிற சிப்பைச் சால்டர் செய்துவிட்டு, சத்தத்துக்குப் பதில் கரகரப்பு மட்டும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். படிக்கிற சிப் வேறு முறையில் அமைந்திருந்தால் பிட்கள் இடம் மாறிப் போய்விடும்.

சரி, மூன்று வயரையும் அப்படியே பெட்டிக்கு வெளியே நீட்டி ஆம்ப்பில் சொருக முடியுமா? முடியாது. சில சென்டிமீட்டர் ஓடுவதற்கென்று செய்த சிக்னல்கள் அவை. வீட்டு ஆம்ப்புக்குப் புரிவது சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஃப் என்கிற ஒற்றை வயர் முறை. அதற்கு மாற்றித் தரும் வேலையைச் செய்யத்தான் டிரான்ஸ்மிட்டர் ஐசி.

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், தனியாகக் கிளாக் வயரே இல்லாமல் அது சமாளிக்கும் விதம். விதி எளிது. ஒவ்வொரு பிட்டும் தொடங்கும்போது வயரின் நிலை கட்டாயம் ஒருமுறை புரள வேண்டும்: மேலே இருந்தால் கீழே, கீழே இருந்தால் மேலே. அந்தப் பிட் 0 என்றால் அவ்வளவுதான். 1 என்றால் நடுவில் இன்னொரு முறை புரளும். 1, 0, 1 என்று அனுப்பினால் இரண்டு புரட்டு, ஒரு புரட்டு, இரண்டு புரட்டு. வாங்குகிற பக்கம் எந்த வோல்ட்டையும் அளக்கத் தேவையில்லை, எப்போது புரண்டது என்று மட்டும் பார்த்தால் போதும். அந்தப் புரட்டல்களிலிருந்தே கிளாக்கையும் எடுத்துக்கொள்ளும். அந்த வயருக்குள் இருக்கும் இரண்டு கம்பியைத் தலைகீழாக மாட்டினாலும் செய்தி மாறாது. எண் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இன்னும் சாமர்த்தியமாக, வேண்டுமென்றே விதியை மீறிய ஒரு புரட்டல் வரிசையை முன்னால் வைக்கிறார்கள். ஒழுங்கான டேட்டாவில் அப்படி ஒரு வரிசை வரவே வராது என்பதால் அது தொடக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் 32 இடம், இரண்டு பக்கத்துக்கும் 64. நொடிக்கு 32,000 முறை என்றால் 20 லட்சத்து 48 ஆயிரம் பிட். 50 ஹெர்ட்ஸ் ஹம் இதன்மேல் ஏறி உட்கார்ந்தாலும் புரட்டலின் நேரத்தை அதனால் குலைக்க முடிவதில்லை.

அப்புறம் கிளாக். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மற்றப் பகுதிகளுக்குத் தாளம் தட்ட நின்டெண்டோ நல்ல குவார்ட்ஸ் கிரிஸ்டல் வைத்தது. ஒலிப் பகுதிக்கு மட்டும் விலை குறைந்த செராமிக் ரெசனேட்டர். மேலே எழுதியிருப்பது 24.576 மெகாஹெர்ட்ஸ். அதை 768ஆல் வகுத்தால் சரியாக 32,000. காகிதத்தில்தான் அப்படி. செராமிக் ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின் ஓடும், சூட்டுக்கும் மாறும். உண்மையான பெட்டிகளில் 32,040ஐ ஒட்டி வருவது சகஜம். டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு புது கிரிஸ்டலைப் போட்டு அதைத் துல்லியமாக 32,000இல் ஓடவிட்டால் என்ன ஆகும்? நொடிக்கு 40 எண்கள் மிஞ்சும். அவற்றை எங்கேயும் வைக்க முடியாது, விட்டுத்தான் ஆக வேண்டும். அமைதியான பாட்டில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். அதனால் பெட்டியின் ரெசனேட்டரிலிருந்தே நான்காவது ஒரு வயரை இழுத்து டிரான்ஸ்மிட்டரையும் அதே தாளத்தில் ஓட்ட வேண்டும். பல டிரான்ஸ்மிட்டர்களுக்கு எண் வரும் வேகத்தைப்போல் 768 மடங்கு கிளாக் ஒத்துவராது, 256 மடங்கு, 384 மடங்கு என்று கேட்கும். நடுவில் ஒரு வகுக்கும் ஐசி போட்டு மூன்றில் ஒன்றாகவோ பாதியாகவோ குறைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பற்ற வைக்கிற வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய வயர், நுனி கூர்மையான சால்டரிங் அயர்ன், கை நடுங்காமல் இருந்தால் போதும். வயர் குட்டையாக இருக்கட்டும். மூடியைக் கழற்ற மட்டும் தனி வகை டிரைவர் வேண்டும், சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அந்தத் திருகுக்குள் நுழையாது.

கடைசிக் கட்டம் ஒளி. டோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் சாக்கெட்டைப் பெட்டியின் பின்புறம் ஒரு ஓட்டை போட்டுப் பொருத்தினால், மின்புரட்டல் சிவப்பு எல்இடியின் மினுக்கலாக மாறுகிறது. வயரின் மறுமுனையைக் கையில் பிடித்துப் பார்த்தால் நிலையாக எரிவது போன்ற ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அவ்வளவு வேகமான மினுக்கல் நம் கண்ணுக்குப் பிடிபடாது. உள்ளே இருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை. அதில் மின்சாரம் போகாது. கேம் பெட்டிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே எர்த் இணைப்பே இல்லாமல் போனதால் ஹம்முக்கான வட்டம் அறுந்துவிட்டது. டிவியிலிருந்து ஆம்ப்புக்கு வேறு செம்பு வயர் போனால் பழைய கதைதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே வேலையை எல்லாப் பெட்டியிலும் செய்துவிட முடியாது. 90களில் சேலத்துப் பிள்ளைகள் ‘டிவி கேம்’ என்று விளையாடியவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் முந்தைய 8 பிட் பெட்டியின் நகல்கள். அதன் சிப்புக்குள்ளேயே ஒலி மின்னழுத்தமாகிவிடுகிறது. வெளியே வரும்போது எண் என்று எதுவும் மிச்சமில்லை. நகல்களில் அந்தச் சிப்பும் ஒரு கறுப்பு எபாக்ஸி உருண்டைக்குள் புதைந்து கிடக்கும். சேகாவின் மெகா டிரைவிலும் இசைச் சிப்புக்குள்ளேயே மாற்றம் நடந்துவிடும். நின்டெண்டோ 64இல் எண்கள் வெளியே வருகின்றன, ஆனால் நொடிக்கு எத்தனை என்பதை ஒவ்வொரு கேமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் ஒளி சாக்கெட் கடையிலிருந்து வரும்போதே உண்டு.

இத்தனை செய்தபின் சத்தம் சிடி மாதிரி பளிச்சென்று இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சூப்பர் நின்டெண்டோவின் ஒலியில் இருக்கும் அந்த லேசான மழுப்பலை உண்டாக்குவது பெரும்பாலும் ஒலிச் சிப்தான். சுருதியை மாற்றும்போது பக்கத்துப் பக்கத்து மாதிரிகளைக் கலந்து வழவழப்பாக்குகிறது. நாம் வயர் வைக்கும் இடத்துக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, அந்தப் பெட்டியின் குரலே அதுதானே. போவது ஹம்மும் ஃபில்டரின் சிறு மந்தமும் மட்டுமே.

பெட்டியைத் திறக்கும் முன் உங்கள் ஆம்ப்பின் கையேட்டில் 32 கிலோஹெர்ட்ஸ் ஏற்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆம்ப்கள் பெரும்பாலும் ஏற்கும். எண்ணை ஒலியாக மாற்றித் தரும் மலிவான பெட்டிகளில் சில 44.1, 48 மட்டும் பேசும். பழைய அனலாக் வழியையும் வெட்டி எறிய வேண்டாம். சூப்பர் கேம் பாய் (கையடக்க கேம் பாயின் கேம்களை இந்தப் பெட்டியில் ஓட்டும் கேசட்) மாதிரியான கேசட்கள் தங்கள் சத்தத்தை அனலாக்காகவே பெட்டிக்குள் அனுப்புகின்றன, அது கலப்பது என்இசி ஐசிக்குப் பிறகுதான். டாஸ்லிங்க்கை மட்டும் நம்பி அந்தக் கேசட்டைப் போட்டால், படம் ஓடும், ஆம்ப்பில் கேமின் பாட்டு மட்டும் வராது.