சொல் விளக்கம்: பில்சனர்

பியர் பாட்டில்களில் 'பில்சனர்' என்றோ சுருக்கமாக 'பில்ஸ்' என்றோ அச்சடித்திருப்பார்கள். செய்முறையின் பெயர்போலத் தோன்றினாலும் அது ஓர் ஊரின் பெயர்தான். செக் நாட்டின் மேற்கே போகீமியப் பகுதியில் உள்ள ப்ல்சென் நகரை ஜெர்மன்காரர்கள் பில்சன் என்பார்கள். ஜெர்மனில் ஊர்ப்பெயரோடு 'அர்' ஒட்டினால் 'அந்த ஊருக்குரிய' என்று பொருள். 'சேலத்து மாம்பழம்' என்கிறோமே, அந்த 'அத்து' செய்கிற வேலைதான். பட்வைசரும் இப்படிப் பிறந்த சொல்லே; அதன் ஊர் ஜெர்மனில் பட்வைஸ்.

1295-இல் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னர் அமைத்த நகரம் இது. பியர் வடிக்கும் உரிமை அங்கே குறிப்பிட்ட வீட்டுக்காரர்களுக்கு இருந்தது. உரிமை இருந்தால் போதுமா? சரக்கு அடிக்கடி கெட்டுப்போனது. 1838-இல் குடிக்க லாயக்கற்ற 36 பீப்பாய்களை நகரமன்றத்தின் முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள். அப்புறம்தான் உரிமைக்காரர்கள் கூடி, பொதுவாக ஒரே ஆலை கட்ட முடிவெடுத்தார்கள்.

அதற்கு ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த பியர் வடிப்பாளர் யோசஃப் க்ரோல். குளிரில் மெல்லப் புளிக்கவிட்டு, நாள்பட வைத்திருக்கும் பவேரிய முறையை அவர் கொண்டுவந்தார். ஆனால் பவேரிய பியர் அன்று கருநிறம். இங்கே பார்லி முளையைக் கருகவிடாமல் இளஞ்சூட்டில் உலர்த்தினார்கள். ஊர்த் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. கசப்புக்குப் பக்கத்து ஜாட்டெட்ஸ் வட்டாரத்து ஹாப் பூ. 1842 அக்டோபர் 5 அன்று காய்ச்சிய முதல் ஈடு பொன்னிறமாக, தெள்ளத்தெளிவாக வந்தது.

பெயர் பரவியதும் வெளியூர் ஆலைகளும் தங்கள் சரக்கைப் பில்சனர் என்றே விற்றன. பெயரைப் பறிகொடுத்த ஆலை 1898-இல் 'ஊர்க்வெல்' என்ற வணிகக்குறியைப் பதிந்தது. ஜெர்மனில் 'ஊர்' என்றால் ஆதி, 'க்வெல்' என்றால் ஊற்று. (இந்த 'ஊர்' நம் ஊர் அல்ல, ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்.) செக் மொழியில் 'ப்ராஸ்த்ரோய்', பொருள் அதேதான். தமிழில் ஊற்றுக்கண் என்றால் கச்சிதமாக இருக்கும்.

செக் நாட்டிலோ மற்ற ஊர்ச் சரக்கைப் பில்சனர் என்று சொல்வது வழக்கமில்லை. அதற்கு 'லெஜாக்', அதாவது கிடந்து பக்குவப்பட்டது. இப்படிக் குளிரில் நாள்பட வைத்த பியரைக் குறிக்கும் லாகர் என்ற சொல்லும் சேமித்து வைப்பதிலிருந்து வந்ததே.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வாற்கோதுமைக் கள்' (வாற்கோதுமை என்பது பார்லி) என்றால் எல்லா பியரும் அதில் அடங்கிவிடும். சங்கப் பாடல்களில் வரும் தோப்பி நெல்லில் வடித்த கள். தானியத்தால் அதுவே நெருக்கம். ஆனாலும் என் வாக்கு தேறலுக்கு. தேறல் என்றால் தெளிந்த கள். பில்சனரைப் பழைய பியர்களிலிருந்து பிரித்துக் காட்டியதும் அந்தத் தெளிவுதான். யவனர் கொண்டுவந்த மதுவையே புறநானூறு 'தண்கமழ் தேறல்' என்றுதான் சொல்கிறது. அயல்நாட்டுச் சரக்குக்கு அந்தச் சொல் புதிதல்ல. எனவே அந்த ஊரில் வடித்ததைப் 'பில்சன் தேறல்' என்று எழுதலாம். மற்ற ஊர்களில் அதே முறையில் வடிப்பதற்குப் 'பொன் தேறல்' போதும்.