பெட்டியில் இடம் இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள்

இந்த வாரமும் அதே காட்சிதான். விமான நிலையச் செக்-இன் கவுன்டருக்குப் பக்கத்தில் தரையில் பெட்டியைத் திறந்துபோட்டு, பட்டுப்புடவையையும் பருப்புப்பொடியையும் பிரித்துப் பிரித்து வேறு பைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது ஒரு குடும்பம். பின்னால் நீண்ட வரிசை, கவுன்டர் மூடும் நேரம் நெருங்குகிறது, குழந்தை அழுகிறது. வீட்டுக் கூடத்தில் பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை இது.

கவுன்டரில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. “எல்லாத்தையும் வேக்கம் கவர்ல போட்டுத்தான் சார் கொண்டுவந்திருக்கோம், எப்படி வெயிட் கூடும்?” தயவுசெய்து இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். துணியை உள்ளே வைத்துக் காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பிளாஸ்டிக் உறைதான் வேக்கம் கவர். அது காற்றைத்தான் வெளியேற்றும். 1000 லிட்டர் காற்றின் எடையே சுமார் 1.2 கிலோதான். 28 அங்குலப் பெட்டி ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். அது முழுக்கக் காற்றாகவே இருந்தாலும் 120 கிராம். அதுவும் தராசில் தெரியாது, ஏனென்றால் பெட்டிக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்று. 5 கிலோ துணி கவருக்குள் போனாலும் 5 கிலோதான். கவரின் எடைதான் கூடுதலாகச் சேரும். துணி சுருங்கியதும் பெட்டியில் பாதி இடம் காலியாகத் தெரிகிறது. அந்த இடத்தில் நாலு புடவை, இரண்டு கிலோ அரிசி மாவு, ஒரு குக்கர் ஏறுகிறது. எடை கூடுவது இப்படித்தான். சோதனைக்காகப் பெட்டியைத் திறந்து கவரையும் பிரித்துவிட்டால் துணி பழையபடி உப்பிவிடும், பெட்டி மூடாது. நீங்கள் அளப்பது இடத்தை, கவுன்டரில் நாங்கள் அளப்பது எடையை. இவை இரண்டும் வேறு வேறு.

ஆகவே முதலில் காலிப் பெட்டியை எடை போடுங்கள். கெட்டி ஓடு போட்ட 28 அங்குலப் பெட்டி வெறுமையாகவே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். உள்நாட்டு விமானத்தில் எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. அதில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடுகிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு துணியால் ஆன 24 அங்குலப் பெட்டி போதும். விமானத்துக்குள் கூடவே கொண்டுபோகும் கைப்பையும் அப்படித்தான். அனுமதி 7 கிலோ என்றால் சக்கரம் வைத்த சின்னப் பெட்டியே இரண்டரை கிலோவைத் தின்றுவிடும். முதுகுப்பை முக்கால் கிலோதான்.

துணியில் கனமானவை எவை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜீன்ஸ் ஒன்று 700 கிராம் வரை வரும், பருத்திச் சட்டை 250தான். டர்க்கி டவல் அரை கிலோவுக்கு மேல், மெல்லிய ஈரிழைத்துண்டு அதில் பாதிகூட இல்லை. ஷூ ஜோடி ஒரு கிலோவை நெருங்கும். அதையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு வாருங்கள். கண்ணாடி பாட்டிலில் ஊறுகாய் கொண்டுபோனால் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறீர்கள். அதிகப்படி எடைக்கு உள்நாட்டிலேயே கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகிறது. போகிற ஊரில் கிடைக்கும் இட்லி அரிசிக்கு அந்த விலை தேவையா?

எடை பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொக்கி மாட்டித் தூக்கும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான். அதுவும் இல்லையென்றால், ஆள் நின்று பார்க்கும் எடை மெஷினில் பெட்டியோடு ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துப் பாருங்கள். வீட்டுத் தராசும் எங்கள் தராசும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் காட்டும். அனுமதிக்கு ஒரு கிலோ கீழே நிறுத்துங்கள்.

டிக்கெட்டில் கிலோ கணக்கா (மொத்த எடை), பீஸ் கணக்கா (இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கிலோ) என்று பாருங்கள். அமெரிக்கப் பயணத்தில் பீஸ் கணக்கு. தலா 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்றால் ஒன்றில் 26, இன்னொன்றில் 20 வைத்துவிட்டு “மொத்தம் 46தானே” என்று சொல்ல முடியாது. எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. காசு கட்டினாலும் ஏற்றமாட்டோம், கோபப்படாதீர்கள். சின்ன விமானத்தின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. லோடர்கள் முட்டிபோட்டுக்கொண்டு உங்கள் பெட்டியை இழுத்து அடுக்குகிறார்கள். அவர்கள் முதுகெலும்புக்காக வைத்த வரம்பு அது. இன்னொன்று: உள்நாட்டு விமானத்துக்கும் வெளிநாட்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், முதல் விமானத்தில் உங்களுக்கு வெளிநாட்டு அனுமதி கிடைக்காமல் போகலாம். 15 கிலோ கணக்கில் நிற்க நேரும்.

பவர் பேங்க் பெட்டிக்குள் போகவே கூடாது. கைப்பையில்தான், அதுவும் 100 வாட்-அவர் (பேட்டரி கொள்ளும் மின்சக்தியின் அளவு) வரை. 20000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், தாராளமாகப் போகலாம். கடைசி நேரத்தில் விமான வாசலில் உங்கள் கைப்பையைச் சரக்கறைக்கு வாங்கிக்கொண்டால், பவர் பேங்க், மருந்து, நகை, பாஸ்போர்ட் நான்கையும் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள். கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள், அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கசகசாவை வளைகுடா நாடுகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அது போதைப்பொருள் வழக்கு. பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் அமெரிக்கச் சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். இங்கே வாங்கிய 230 வோல்ட் மிக்ஸி அங்கே 120 வோல்ட்டில் சரியாக ஓடாது.

தெரிந்தவர் கொடுத்தனுப்பும் பார்சலை வாங்காதீர்கள். எடையைக்கூட விடுங்கள், பெட்டியை நீங்களே கட்டினீர்களா என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காத பொட்டலத்துக்கு எந்த உறவும் ஜாமீன் ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பிரசவத்துக்கு அம்மாவை அழைக்கிறீர்கள். பிரசவ லேகியம், பூண்டு ஊறுகாய், இட்லித் தட்டு, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு என்று பட்டியல் நீள்கிறது. அம்மா வேண்டாம் என்று சொல்லமாட்டார். அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் அவரே பெல்ட்டிலிருந்து இரண்டு பெட்டியையும் இறக்கி, சுங்கம் தாண்டி, அடுத்த விமானத்துக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் உதவிக்கு ஆள் வருவார். கேட்காவிட்டால் 46 கிலோவும் அறுபது வயது அம்மாவின் கையில்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கட்டிய பெட்டியை அம்மாவையே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கச் சொல்லி வீடியோவில் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் பட்டியலைக் குறையுங்கள்.