நியூட்ரினோவும் நுண்ணொதுமியும்

தேனி பொட்டிப்புரம் திட்டத்தால் நியூட்ரினோ என்ற பெயர் நம் ஊரில் பலருக்கும் பழக்கம்தான், ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவ்வளவாகப் பேசியதில்லை.

1930இல் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பௌலி, பீட்டாச் சிதைவில் (அணுக்கரு ஒன்று எலக்ட்ரானை உமிழ்ந்து மாறுவதில்) கணக்குக்கு வராமல் போகும் ஆற்றலை மின்னூட்டமில்லாத ஏதோ ஒரு துகள் கொண்டுபோகிறது என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் நியூட்ரான். 1932இல் ஜேம்ஸ் சாட்விக் வேறொரு கனமான துகளைக் கண்டுபிடிக்க, பெயர் அதற்குப் போய்விட்டது. அப்புறம் ரோமில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழுவிலிருந்த அமால்டி பௌலியின் துகளுக்கு ஒரு வழி சொன்னார்: இத்தாலிய மொழியில் நியூட்ரான் 'நியூட்ரோனே', 'ஓனே' என்று முடிந்தால் பெரியது, 'இனோ' என்று முடிந்தால் சிறியது. அப்படிப் பிறந்ததுதான் நியூட்ரினோ.

தமிழில் நியூட்ரானை நொதுமி என்கிறோம். நொதுமல் என்றால் நட்பும் இல்லை, பகையும் இல்லை. அயலார் பெண் கேட்டு வருவதை அகப்பாடல்களில் நொதுமலர் வரைவு என்பார்கள். அப்படியானால் நியூட்ரினோ நுண்நொதுமி. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவதுபோல் நுண்ணொதுமி என்று சேர்த்து எழுதுவதே சரி, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

எதிலும் ஒட்டாத இந்த அயல்தன்மைதான் ஆராய்ச்சியாளர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு பெரிய விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு நியூட்ரினோக்களாகவே வெளியேறுகிறது, ஆனாலும் 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் நடந்த வெடிப்பிலிருந்து ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐஎம்பி, ரஷ்யாவின் பக்சான் ஆகிய மூன்று உணர்கருவிகளும் சேர்ந்து பிடித்தது சுமார் இரண்டு டஜன்தான்! அதைவிடக் கடினம், அண்டம் முழுக்க இதுவரை வெடித்த விண்மீன்கள் எல்லாம் விட்டுச்சென்ற மங்கலான நியூட்ரினோப் பின்னணியைப் பிடிப்பது.

அதற்காகவே 50,000 டன் நீர் கொண்ட ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே தொட்டியில் 2020இல் கடோலினியம் என்ற உலோகத்தின் உப்பைக் கரைத்தார்கள். எதிர்நியூட்ரினோ (நியூட்ரினோவின் எதிர்த்துகள்) ஒன்று நீரிலுள்ள புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நொதுமியும் கிளம்பும். பாசிட்ரான் உடனே ஒரு ஒளி மின்னல் காட்டும், நொதுமியோ கொஞ்சம் அலைந்து கடோலினியத்திடம் சிக்கும், அப்போது காமா கதிர்களால் இரண்டாவது மின்னல் வரும். மைக்ரோநொடிகள் இடைவெளியில், ஒரே இடத்தில், இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது வெறும் இரைச்சலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2024இல் அந்தப் பின்னணியின் லேசான அறிகுறி தெரிவதாகச் சொன்னார்கள், கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிக்க அது போதவில்லை.