நடுவில் ஒரு 'ஸ்'

"மகளுக்குக் கால்பந்துப் போட்டி நடக்கும் இடத்தில் 'ஈட்ரெட்ஸ்பிளாஸ்' என்று பலகை இருக்கிறது. ஈட்ரெட் என்றால் விளையாட்டு, பிளாஸ் என்றால் இடம். நடுவில் 'ஸ்' எதற்கு?" நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பிளாஸை முதலில் முடித்துவிடலாம். அகலமான தெருவைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன், பிரெஞ்சு, வட ஜெர்மன் என்று ஊர் சுற்றி நார்வேக்கு வந்தது. 'புலம்'தான் பிளாஸ் ஆனது என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். ஓசை ஒத்துப்போனால் உறவு என்பது ஜோசியம்.

ஈட்ரெட் உள்ளூர்க்காரர். நார்வே மொழிக்குத் தாயான பழைய நோர்ஸ் மொழியில் 'ஈத்ரோட்': செயலைக் குறிக்கும் சொல்லும் வலிமையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. அன்று அதற்குப் பொருள் திறமை. 12ஆம் நூற்றாண்டில் ஓர்க்னி தீவுகளை ஆண்ட ரோக்ன்வால்ட், தனக்குத் தெரிந்த ஒன்பது ஈத்ரோட்களைப் பாட்டில் அடுக்குகிறார். பனிச்சறுக்கும் துடுப்பும் உண்டு. கவிதையும் யாழும் கொல்லுவேலையும் உண்டு!

சரி, அந்த 'ஸ்'? வேற்றுமை உருபு என்று தோன்றும். ஆனால் ஈத்ரோட்டின் பழைய ஆறாம் வேற்றுமை உருபு 'அர்'. ஆகவே இந்த 'ஸ்' மற்ற சொற்களைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. இன்று அதற்குத் தனிப் பொருள் இல்லை, வேலை மட்டும் உண்டு. 'வீன்' ஒயின், ஒயின் கோப்பை 'வீன்கிளாஸ்', 'ஸ்' இல்லை. சிவப்பு ஒயினுக்கான கோப்பையோ 'ரோவீன்ஸ்கிளாஸ்'. சிவப்பு என்பது கோப்பையை அல்ல, ஒயினைச் சேர்ந்தது. பெரிய மூட்டு இங்கேதான் என்று 'ஸ்' விரல் நீட்டிக் காட்டுகிறது. எனக்கு இது அவ்வளவு பிடிக்கும்! எல்லா இடத்திலும் வராது: கால்பந்துத் திடல் வெறும் 'ஃபூட்பால்பானெ'தான். ஈட்ரெட்டுக்கோ 'ஸ்' பழகிவிட்டது. விளையாட்டுச் சங்கம்கூட 'ஈட்ரெட்ஸ்லாக்'.

'தந்தப் பலகை', 'தந்த பலகை' என்று படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நார்வேகாரர்களுக்கும் இதே தலைவலி: 'லம்மெலோர்' என்று சேர்த்து எழுதினால் ஆட்டுக்குட்டித் தொடை, பிரித்து எழுதினால் செயலிழந்த தொடைகள். இறைச்சிக்கடைப் பலகையில் கவனம் தேவை.

இந்தச் சொல்லில் ஐஸ்லாந்துக்காரர்கள் 'ஸ்' பக்கமே போகவில்லை. அவர்களுடைய திடலின் பெயரில் நடுவில் நிற்பது ஆறாம் வேற்றுமையின் பழைய பன்மை உருபு 'அ'. பிளாஸும் இல்லை, புல்வெளியைக் குறிக்கும் சொந்தச் சொல்தான்.