டர்போ: சொல் விளக்கம்

1984-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலைகளில் ‘டர்போ டீன்’ என்றொரு கார்ட்டூன் வந்தது. ரூபி-ஸ்பியர்ஸ் தயாரிப்பு, 13 அத்தியாயங்கள். ஓர் ஆய்வுக்கூட விபத்தில் பிரெட் மேத்யூஸ் என்ற பையனும் அவனுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்றாகிவிடுவார்கள். உடம்பு சூடேறினால் காராவான், குளிர்ந்தால் ஆளாவான். இந்த வித்தையை வைத்துத்தான் குற்றவாளிகளைப் பிடிப்பான். 1977-இல் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோ, டர்போ எஞ்சினோடு ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியபின் கண்டதற்கெல்லாம் ‘டர்போ’ என்று ஒட்டிய காலம் அது. தலைப்பும் அப்படி வந்ததுதான். ஆனாலும் சூட்டில் இயங்குவது என்ற கற்பனை, தெரிந்தோ தெரியாமலோ, உண்மையான டர்போவுக்குப் பொருந்திப்போகிறது.

லத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம், சுழற்காற்றையும் குறிக்கும். அதை வேராகக் கொண்டு, நீரோ ஆவியோ காற்றோ தள்ளச் சுழலும் சக்கரத்துக்கு ‘டர்பைன்’ என்ற சொல்லை 1822-இல் ஆக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாட் பர்டின். எஞ்சின் கழிக்கும் சூடான புகையைக் கொண்டே டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. அதுவே டர்போசார்ஜர், சுருக்கமாக டர்போ.

கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். மலையேறி வந்தவுடன் எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் கரியாகிப் பேரிங்கில் படியும். வண்டியை நிறுத்தி, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது நல்லது. நீலப் புகை வந்து ஆயிலும் குறைந்தால் டர்போ சீல் கசியலாம். டீசல் வண்டியில் கரும்புகையோடு இழுவையும் குறைந்தால், ‘டர்போ போயிடுச்சு’ என்று முடிவுகட்டுமுன் காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நேரம் கோளாறு அங்கேதான்.

தமிழில் டர்பைனுக்குச் ‘சுழலி’ நிலைத்துவிட்டது. டர்போசார்ஜரைச் ‘சுழல் மின்னூட்டி’ என்று எழுதினால் பிழை. இங்கே சார்ஜ் என்பது சிலிண்டருக்குள் நிரப்பும் காற்று. மின்சாரத்துக்கு இதில் வேலையே இல்லை. ‘சுழலிக் காற்றூட்டி’ என்றால் செய்யும் வேலை சொல்லிலேயே தெரியும். ‘டீன்’ என்பதற்குப் ‘பதின்மர்’ என்ற சொல் உண்டு. பேச்சில் ‘விடலைப் பையன்’. இரண்டையும் சேர்த்து ‘சுழலி விடலை’ ஆக்கினால் சிரிப்புத்தான் வரும். தொடரின் பெயரை அப்படியே விடுவதே முறை. கல்லூரிகளில் சி மொழி படித்தவர்களுக்குப் பழக்கமான ‘டர்போ சி’ என்ற மென்பொருளுக்கும் இதே விதி. அதில் சுழலியும் இல்லை, காற்றும் இல்லை. பொருள் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ‘விரைவு’ போதும்.