எண்ணெய் விட்டால் ஏர் ரைபிளின் வேகம் கூடுமா?

பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் அங்கே பழம்பொருள் சந்தையில் ஒரு பிஎஸ்ஏ ஏர் ரைபிள் வாங்கியிருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. பாலிஷ் போட்டால் விலை கூடும், உள்ளே நாலு சொட்டு எண்ணெய் விட்டால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னார்களாம். செய்யலாமா என்று கேட்கிறார். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

நமக்கு பிஎஸ்ஏ என்றால் சைக்கிள். ஆனால் அது 1861-இல் பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கைவினைஞர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். அதே ஊர்க்காரரான லிங்கன் ஜெஃப்ரிஸ் 1904-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பை வைத்து, 1905 முதல் அங்கே ஏர் ரைபிள் செய்தார்கள். சில ஏர் ரைபிள்களைப் போல இதில் குழலை மடக்கத் தேவையில்லை. அடியிலுள்ள நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் இறுகும். தண்ணீர்க் குழாயின் திருகு போலச் சுழலும் ஓர் எஃகுத் துண்டில் ஈயக் குண்டைப் போட்டு மூடினால் போதும்.

விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் குண்டைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் குண்டைத் தொடுவதே இல்லை. அது தள்ளுவது பிஸ்டனை. பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை நசுக்கிக்கொண்டே ஓடுகிறது. குண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது! பிஸ்டன் ஏறக்குறைய முனையைத் தொடும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்கு வந்து குண்டு கிளம்புகிறது. நசுங்கிய காற்றே மெத்தையாகி, பிஸ்டன் சுவரில் மோதாமல் தாங்கிக்கொள்கிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். இங்கே வெப்பம் வெளியேற நேரமே கிடையாது. 27 டிகிரி காற்றை, வெப்பம் கசியாமல், 50 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் கணக்குப்படி 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வது இதனால்தான். ஏர் ரைபிளிலும் எண்ணெய் ஆவி அப்படித்தான் பற்றும். இங்கிலாந்தில் கார்டியூ என்ற தந்தையும் மகனும் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். வேகம் நன்றாகக் குறைந்தது. ஆக்ஸிஜன் இல்லை, எண்ணெய் எரியவில்லை. எவ்வளவு அழகான சோதனை! இப்படி ஒரே கேள்வியைக் குறிவைக்கும் சின்னச் சோதனைகளுக்கு நம் கல்லூரிகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்படியானால் எண்ணெய் நல்லதுதானே? அளவோடு இருந்தால். பிஸ்டன் முனையிலுள்ள தோல் வாஷர் காய்ந்தால் காற்று கசியும். அதற்குச் சிறிது எண்ணெய் வேண்டும். அதிகமானால் ஆவி வெடிக்கும். படீரென்ற சத்தம், குழல் வாயில் புகை, கருகல் வாசனை. பிஸ்டன் பின்னோக்கி அறையப்பட்டு, ஸ்பிரிங்கும் தோலும் நாசமாகும். அதோடு, இங்கிலாந்தில் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கும் ஏர் ரைபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 16 ஜூல்.

இனி பாலிஷ். உங்கள் குழலின் கருமை அழுக்கல்ல. தொழிற்சாலையிலேயே எஃகின் மேல் உண்டாக்கிய மெல்லிய இரும்பு ஆக்ஸைடுப் படலம் அது. செந்துருவும் இரும்பு ஆக்ஸைடுதான், ஆனால் அது உதிரும். இது ஒட்டிக்கொண்டு காக்கும். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் படலம் போகும், கூர்மையான விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் ஆழம் குறையும். சேகரிப்பாளர் லென்ஸை வைத்து முதலில் பார்ப்பது அந்த எழுத்துகளின் ஓரத்தைத்தான். புதிதாகக் கருமை ஏற்றிப் பளபளக்கும் துப்பாக்கியைவிட, தேய்ந்து பழுப்பேறிய அசல் துப்பாக்கிக்கே பெரும்பாலும் கூடுதல் விலை தருவார்கள்.

குண்டு போடும் அந்தத் திருகைத் தொலைத்துவிடாதீர்கள். அதை அதன் குழிக்குள்ளேயே தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். வேறொரு ரைபிளின் திருகைப் போட்டால் காற்று கசியலாம். வெளியே மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். விரல் ரேகையின் உப்புதான் இந்தக் கருமைக்கு முதல் எதிரி.